கடைசிக்கு வைத்த கல்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து ஓர் இலைகூட அசையவில்லை. வானம் மழைக்கும் இல்லாமல் வெயிலுக்கும் இல்லாமல் சாம்பல் பூசியதுபோல் கவிந்து கிடந்தது. கல் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட நாளைப் பிடிக்காது. காற்றடித்தால் தூசி ஒரு பக்கமாகப் போய்த் தொலையும். காற்றில்லாத நாளில் வெட்டியவர் தலையிலேயே திரும்ப வந்து உட்காரும். காலை பத்து மணிக்குள் நூலக்காவின் தலைமுடியும் புருவமும் முகமூடியும் ஒரே நிறமாகிவிட்டன. பதினொன்றாவது கல்லின் கடைசி எழுத்தை முடித்து, ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நான்கடி பின்னால் நகர்ந்து பார்த்தார். எழுத்து நேராக நின்றது. மீதம் ஒரே ஒரு கல். அது பட்டறையின் மூலையில் மூன்று மரக்கட்டைகளின்மேல் சாக்குப் போர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

நூலக்கா என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரன்று. காவியில் நனைத்த நூலைக் கல்லின் குறுக்கே இழுத்துச் சுண்டி, கோடு விழுந்த பிறகுதான் உளியைக் கையிலெடுப்பார். எத்தனை அவசரமானாலும் இந்த வழக்கம் மாறாது. பட்டறைக்காரர்தான் அந்தப் பெயரைச் சூட்டியவர். "வீட்டுல சோறு போடும்போதும் தட்டுல நூல் அடிச்சிட்டுத்தான் போடுவீங்களா, நூலக்கா?" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "உங்க வாயில ஒரு தடவை அடிச்சுப் பார்க்கணும், எங்க நிறுத்துறதுன்னு தெரியும்" என்று இவர் சொன்ன பதில் இன்றைக்கும் பட்டறையில் புழக்கத்தில் இருக்கிறது.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது முப்பத்தோராவது வயதில். முதலில் வெட்டிய எழுத்துகளுக்குள் கறுப்புச் சாயம் நிரப்பும் வேலைதான் கிடைத்தது. கல்லறைக் கற்களில் சாயம் எழுத்தின் விளிம்பைத் தாண்டாமல் நிரப்புவதற்குக் கை நடுங்கக் கூடாது, அவருக்கு நடுங்கவில்லை. எழுத்து வெட்டுபவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு பட்டறைக்குப் போய்விடவே, பாதியில் நின்ற ஒரு பெயரை நூலக்கா தாமாகவே வெட்டி முடித்தார். பட்டறைக்காரர் வந்து பார்த்தார்; எங்கே ஆள் மாறியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து உளி இவர் கைக்கு வந்தது. கணவருக்கு அதில் பெருமையும் இருந்தது, கேலியும் இருந்தது. அவர் பாலம் கட்டும் இடத்தில் மேஸ்திரி. "நான் இருக்கிறவங்களுக்கு வழி போடுறேன், நீ போனவங்களுக்கு விலாசம் எழுதுற. ஒரே வீட்டுல ரெண்டு இலாகா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மேஸ்திரி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி, கான்கிரீட் முழுதாக இறுகுவதற்கு முன்பே முட்டுகளைப் பிரித்ததால், கீழே நின்றவர்கள்மேல் விழுந்தது. மேஸ்திரியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இறந்தனர். முட்டுகளைப் பிரிக்கச் சொன்னவர் மேஸ்திரி என்று விசாரணை அறிக்கை எழுதியது. அது பொய்யன்று, அவர்தாம் சொன்னார். இருபத்தொரு நாள் நிற்க வேண்டியதைப் பதினான்கு நாளில் பிரிக்கும்படி கம்பெனியிலிருந்து மூன்று நாளாக அவரை நெருக்கியதையும், முந்தைய நாள் மாலை அவர் சாப்பிடாமல் கைகழுவி எழுந்ததையும் அறிக்கை எழுதவில்லை. "நானும் கீழேயே நின்னுக்கிறேன். அப்பதான் பசங்க தைரியமா வேலை செய்வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே கீழே நின்றார். கணவரைக் குற்றமற்றவர் என்று நூலக்கா யாரிடமும் வாதாடியதில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையை யாராவது பதினொன்று என்று சொன்னால் மட்டும், "பன்னிரண்டு" என்று திருத்துவார். அந்த ஒரு திருத்தத்துக்காகத்தான் ஒன்பது ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஊரிலேயே இருந்தார்.

ஆகவே, பாலத்தின் அருகே நினைவுச் சின்னம் எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவருக்கு அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த சிற்பி ஒரு பெண். குட்டையாக வெட்டிய முடியும் எப்போதும் மண் ஒட்டிய காலணியுமாகத் திரிபவர். நினைவுக் குழுவின் முதல் கூட்டத்தில் அவர் வேதாகமத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஒரு பெருங்கூட்டம் பெருக்கெடுத்த ஆற்றைக் கால் நனையாமல் கடந்தது. கடந்த பிறகு பன்னிரண்டு ஆட்கள் ஆற்றின் நடுவுக்குத் திரும்பிப் போய், ஆளுக்கொரு கல்லைத் தோளில் தூக்கிவந்து கரையில் நாட்டினார்கள். "இங்க ஆத்தைக் கடக்க வழி பண்ணினவங்க பன்னிரண்டு பேரு. அதே ஆத்துல இருந்து பன்னிரண்டு கல் எடுப்போம். ஒவ்வொரு கல்லுலயும் ஒரு பேரு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்று அவர் சொன்னார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நூலக்கா, மடியில் இருந்த பையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு என்று இன்னொருவர் வாயிலிருந்து, அதுவும் திருத்தாமலே, வந்தது.

எழுத்து வெட்டும் வேலை அவருக்கே வந்தது. ஆற்றுக் கல் முழுவதும் வளைவு. இயந்திரத்தில் கொடுத்தால் எழுத்து ஓரத்தில் இழுபட்டுக் கோணிப் போகும். கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டும் கை அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. சிற்பியும் அவரும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கற்களைத் தேர்ந்தெடுத்தனர். பச்சை ஓடிய சாம்பல் நிறத்தில், மேல்புறம் சற்றே தட்டையான ஒரு கல்லை நூலக்கா காலாலேயே கண்டுபிடித்தார். "இது எங்க வீட்டுக்காரருக்கு" என்றார். சிற்பி தலையசைத்துச் சுண்ணக்கட்டியால் அதில் பன்னிரண்டு என்று எழுதினார்.

அந்தக் கல்லுக்கு ஏன் பன்னிரண்டாம் எண், ஏன் ஒன்று இல்லை என்பதற்குத் தொழிலில் ஒரு காரணம் உண்டு. எழுத்து வெட்டுகிறவர்கள் பல கற்களை ஒன்றாக எடுத்தால், மனத்துக்கு நெருக்கமானதைக் கடைசிக்கு வைப்பார்கள். முதல் இரண்டு கற்களில் கை அந்தக் கல்லின் குணத்தைப் படிக்கும்; ஐந்தாவதில் எழுத்து ஒரே அச்சுக்கு வரும்; பத்துக்கு மேல் கை தானாக ஓடும். தந்தையின் கல்லையோ மனைவியின் கல்லையோ முதலில் வெட்டுகிறவனை அனுபவமில்லாதவன் என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். நூலக்கா அனுபவம் உள்ளவர். அதனால்தான் மோசம் போனார். வெட்டிய பெயரைக் கல்லிலிருந்து எடுக்க வேண்டுமானால் கல்லின் முகத்தையே செதுக்கித் தள்ள வேண்டும். வெறும் கல்லை யாரும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வேலை ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கியது. மகனுக்கும் அதே மாதத்தில்தான் வேலை கிடைத்தது. இருபத்தேழு வயது, கட்டடப் படிப்பு முடித்துவிட்டு நான்கு ஆண்டுகளாக அங்குமிங்கும் அலைந்தவன். கிடைத்ததோ பாலத்தைக் கட்டிய அதே கம்பெனியில், பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை. நூலக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. பழைய ஆட்கள் ஒருவரும் இப்போது இல்லை, இன்னொரு பாலம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று மகன் விளக்கினான். பிறகு அவரும் இறங்கிவந்து, புதுச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பின் மாலைதோறும் அவன் அம்மாவின் வேலையைப் பற்றிக் கேட்கலானான். சிறு வயதிலிருந்து அந்தப் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளை, காலணியைக் கழற்றும்போதே, இன்று எத்தனையாவது கல், அப்பா கல்லை ஆரம்பித்தாயிற்றா என்று கேட்பான். இல்லை, அது கடைசியில் என்று இவர் சொல்வார். "அவசரப்படாதம்மா. கை நல்லாப் பழகட்டும்" என்பான். பரவாயில்லையே, தொழில் சூட்சுமம் இவனுக்கும் பிடிபட்டுவிட்டதே என்று நூலக்கா உள்ளூர மகிழ்ந்துபோனார். பட்டறையில் அதைச் சொல்லிக் காட்டியும் கொண்டார்.

நான்காவது கல் அதே விபத்தில் இறந்த கிரேன் ஓட்டுநருடையது. அது முடிந்த மறுநாள் அவருடைய மனைவி பட்டறைக்கு வந்தார். இந்த ஒன்பது ஆண்டுகளில் அவரும் நூலக்காவும் கடையில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வதுதான் வழக்கம். வந்தவர் குந்தி உட்கார்ந்து, கணவர் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் விரலை விட்டு, முதலிலிருந்து கடைசிவரை தடவினார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று நூலக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கிரேன்காரர் மனைவி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"உங்க வீட்டுக்காரர் கல்லு எது?"

நூலக்கா மூலையைக் காட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே வைங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிப்பாங்க. இவர் தனியா இருந்தா போரடிச்சுப் போயிடுவாரு."

அவ்வளவுதான். அன்று மதியம் நூலக்காவால் ஓர் எழுத்துகூட வெட்ட முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மார்ச் பதினொன்றாம் தேதிக்கு வருவோம். பதினொன்றாவது கல்லின் ஈரம் காய்வதற்குள் சிற்பி வந்து சேர்ந்தார். கையில் சுருட்டிய ரப்பர்த் தாள் ஒன்று. அதை மேசையில் விரித்தபோது, வாயில் ஓர் இலையைக் கவ்விய புறா வெட்டப்பட்டிருந்தது. மணல் பீய்ச்சும் இயந்திரத்தில், கல்லின்மேல் ஒட்டி அடிப்பதற்கான தாள் அது. வேதாகமத்தில், வெள்ளம் வடிந்ததென்று சேதி கொண்டுவந்த புறா. சிறகு கொஞ்சம் கோணினாலும் யாருக்கும் தெரியாது. இது எந்தக் கல்லுக்கு என்று நூலக்கா கேட்டார். சிற்பி மூலையைப் பார்த்தார். பிறகு நூலக்காவின் முகத்தைப் பார்த்தார்.

நூலக்காவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் சிற்பி அதுவரை நினைத்திருந்தார். தட்டுத்தடுமாறி அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சின்னம் நிற்கப் போகும் நிலம் கம்பெனியுடையது. அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் இறந்தவர்களின் பெயரோடு இருக்கக் கூடாது என்று நிலத்தைக் கொடுக்கும்போதே கம்பெனி நிபந்தனை போட்டது. தாம் எதிர்த்ததாகவும், குடும்பத்துக்கே மறுப்பு இல்லை என்று கடிதம் வந்ததால் வாயடைத்துப் போனதாகவும், பன்னிரண்டாவது கல்லை வீணாக்காமல் பொதுவாக ஒரு புறா வைக்கலாம் என்று குழு முடிவு செய்ததாகவும் சொன்னார். கடிதத்தின் நகலை நூலக்கா கேட்டு வாங்கினார். நான்கு வரி. 'குடும்பத்தின் சார்பில்' என்பதற்குக் கீழே மகனுடைய கையெழுத்து. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் போடும் இரட்டைக் கோடு அதன் அடியில் இருந்தது. தேதி, அவன் வேலையில் சேர்வதற்கு ஏழு நாள் முந்தையது. முதல் கல்லில் நூலக்கா நூல் அடிப்பதற்கும் முந்தையது.

உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தவர் மாலைவரை எழுந்திருக்கவில்லை. ஆறு மணிக்கு மகன் வந்தான். காலணியைக் கழற்றிக்கொண்டே வழக்கமான கேள்வியைத் தொடங்கியவன், மேசைமேல் இருந்த தாளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"குடும்பம்னா நீ மட்டுமா?"

"உன்னைக் கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும்."

"அது தெரிஞ்சுதான் நீ கேட்கலை."

அவன் உட்காரவில்லை. கதவருகில் நின்றபடியே பேசினான். தன்னை ஒன்பது ஆண்டுகளாக ஊர் எப்படிக் கூப்பிடுகிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது என்றான். அப்பா பெயர் அங்கே இருந்தால் எவனாவது ஒருவன் செருப்பைக் கழற்றி அதன்மேல் அடிப்பான், அதை எத்தனை நாள் போய்த் துடைப்பது என்றான். "புறா இருந்தா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க" என்றான். அவன் சொன்னதில் அவன் பட்ட பாடும் இருந்தது. நூலக்காவுக்கு அது கேட்கவும் செய்தது.

"கிரேன்காரர் பொண்டாட்டி, அவ புருஷன் பக்கத்துல உங்கப்பாவை வைக்கச் சொன்னா. தெரியுமா?"

"தெரியாது."

"அவளையும் நீ கேட்கலை." தாளை மடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "தினம் வந்து கேட்டியேடா, அப்பா கல்லை ஆரம்பிச்சாச்சான்னு. அது எதுக்கு?"

மகன் தரையைப் பார்த்தான். "நீ வெட்ட ஆரம்பிச்சிருந்தா நான் போய்க் கடிதத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன்மா. சத்தியமா."

கையெழுத்தைவிட இந்தப் பதில்தான் அவரைக் கீழே தள்ளியது. அது உண்மையானால், தம் கைப்பக்குவத்தின்மேல் வைத்த நம்பிக்கையே கணவரைக் கைவிட்டது. பொய்யானால், பிள்ளை இரண்டாம் முறையாகத் தம்மை ஏய்க்கிறான். எது என்று அவருக்கு விளங்கவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். தமக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே பட்டறைக்குப் போனார். கணவர் பெயரில் நான்கே எழுத்துகள். முதல் எழுத்தையாவது ஆழமாக வெட்டிவிட்டால் புறாவை அதன்மேல் உட்கார வைக்க முடியாது என்ற கணக்கில், நூலையும் காவியையும் வீட்டிலேயே நனைத்து எடுத்துக்கொண்டு போனார். மூலையில் மூன்று மரக்கட்டைகளும் மடித்து வைத்த சாக்கும் இருந்தன. கல் இல்லை. முந்தைய நாள் மாலையே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். பட்டறைக்காரர் அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. கல் குழுவுடையது, தாம் தடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

"தடுக்கச் சொல்லலை. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்றார் நூலக்கா.

பட்டறைக்காரர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

குழுச் செயலாளரையும் போய்ப் பார்த்தார். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து மிகுந்த மரியாதையாகப் பேசினார். மரியாதைக்குக் குறைவில்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வெட்டி முடித்த பதினொரு கற்களும் அப்போது இன்னும் பட்டறையில்தான் இருந்தன. சம்மட்டியால் ஓர் அடி போட்டால் ஒரு கல் போகும். பதினோர் அடியில் சின்னமே போகும். அந்த நினைப்பு அவருக்கு வராமல் இல்லை. நான்காவது கல்லின் எழுத்துகளுக்குள் போய்வந்த அந்த விரல் நினைவுக்கு வந்தபோது அதை விட்டுவிட்டார். தமக்குச் செய்ததைத் தாம் இன்னொருத்திக்குச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. வியாழக்கிழமை பதினொன்றையும் தாமே சாக்கில் பொதிந்து, விளிம்பு உடையாமல் வண்டியில் ஏற்ற உதவினார்.

வீட்டில் சண்டை ஏதும் நடக்கவில்லை. மகனுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு இருந்தது. துவைத்த சட்டை இருந்தது. முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் நின்றுபோனது. அவனும் மாலையில் எதையும் கேட்பதை விட்டுவிட்டான்.

திறப்பு விழா ஏப்ரல் மாத நடுவில் நடந்தது. நூலக்கா போவதாக இல்லை. கிரேன்காரர் மனைவி வீட்டுக்கே வந்து, நீங்கள் வராவிட்டால் நானும் போகவில்லை என்று வாசலில் நின்றுவிட்டார். இருவரும் சேர்ந்தே போனார்கள். ஆற்றங்கரையில் கற்கள் வளைவாக நாட்டப்பட்டிருந்தன. நான்காவது கல்லின் பக்கத்தில் ஐந்தாவது நின்றது. புறாக் கல் கடைசியில், எல்லாருடைய கண்ணும் முதலில் போய் விழும் இடத்தில் இருந்தது. மணல் அடித்த புறா வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதன் அடியில் பச்சை ஓடிய கல்லின் தட்டை முகம் முக்கால்வாசி வெறுமையாகவே கிடந்தது. நான்கு எழுத்துகள் தாராளமாகப் பிடிக்கும். சிற்பி தள்ளி ஒரு மரத்தடியில் நின்றார், கிட்டே வரவில்லை. பேசியவர்கள் எல்லாரும் பதினொரு தொழிலாளர்கள் என்றே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நூலக்காவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

கூட்டம் கலையும்போது நகர்மன்றத் தலைவி கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. எழுத்து வெட்டியவர் யார் என்று விசாரித்து, நூலக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கம்பெனிச் சட்டை அணிந்த ஆட்கள் பின்னால் நின்றார்கள். அவர்களுள் மகனும் ஒருவன். தலைவி கற்களைக் காட்டி, உண்மையான வியப்போடு கேட்டார்:

"பன்னிரண்டும் நீங்களேதான் வெட்டினீங்களாம்மா?"

நூலக்கா கையை விடுவித்துக்கொள்ளாமலே பதில் சொன்னார்:

"பதினொண்ணு நான் வெட்டினது. அந்தக் கடைசிக் கல்லு என் மகன் எழுதிக் குடுத்தது."